அண்ணி எதிர்வரிசையில் உட்கார்ந்த நாள்

பொதுமண்டபத்துக்குள் நுழைந்த அண்ணி, என் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பார்த்தார். அவருக்காகத்தான் என் கைப்பையை வைத்து அதில் இடம் பிடித்திருந்தேன். பார்த்துவிட்டு நேராக எதிர்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். அந்த வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் புதிய வீடுகளுக்குப் பெயர் கொடுத்தவர்கள்.

தீவின் மேற்குப் புறம், பாலிக் பூலாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மலைச்சரிவு, நீர்ப்பிடிப்புக்காக ஒதுக்கப்பட்ட நிலம். அதில் ஒரு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. எனக்கு இருந்தது வெறும் மலைப்பாசம் அல்ல, பயம். முன்பு ஒருமுறை மேலே பாதை போட மரங்களை வெட்டியபோது, ஒரே மழையில் செம்மண் சேறு எங்கள் சமையலறைக்குள் இறங்கி ஐஸ்பெட்டியைச் சாய்த்துவிட்டது. அதனால் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை முடிந்து வந்ததும், வீடு வீடாகப் போய் ஆட்சேபத்துக்குக் கையெழுத்து வாங்கினேன். அண்ணியும் எங்களோடு நிற்பார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

அண்ணி தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பத்து காவான் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியபோது அவர் குடும்பம் திசைக்கு ஒருவராகப் பிரிந்தது. அண்ணனைக் கட்டிக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்கு வந்த பிறகும் வாடகை வீடுதான். குடியிருந்த பழைய கடைவீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டலாக மாற, இவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். கடைசியாக இருந்த வீட்டில் மகள் மாடிப்படியில் உட்கார்ந்துதான் படித்தாள். இத்தனைக்கும் அண்ணி குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. குடும்பத்தில் சண்டை வந்தால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

அன்று மண்டபத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நிறுவனத்தின் ஆள் பேசத் தொடங்கியதுமே கூச்சல். பின்வரிசையில் ஒருவர் நாற்காலியை உதைத்துத் தள்ளினார். அந்த இரைச்சலில் அண்ணி கை தூக்கினார். யார் இது, வெளியாளா என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். என் அண்ணி என்று சொல்ல வாய் வரவில்லை.

அண்ணி மலாய் மொழியில் மெதுவாகப் பேசினார். சேறு வரும் என்ற பயம் நியாயமானது, வீட்டைப் பத்திரமாகக் கட்டச் சொல்லுங்கள், கட்டவே கூடாது என்று சொல்லாதீர்கள் என்றார். வேறு இடம் பார்த்துக்கொள் என்று யாரோ கத்தினார்கள். அண்ணி கத்தியவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“எங்க தோட்டத்த எடுத்தப்ப, யாரும் எங்களுக்காகக் கையெழுத்து வாங்க வரல தங்கச்சி. அப்பயும் நாங்கதான் போனோம். இப்பயும் நாங்கதான் போகணுமா?”

அடுத்துப் பேச வேண்டியவள் நான். எழுந்தேன். மண் அடைத்துப்போன மலையோடையைப் பற்றியும் எங்கள் சமையலறைக்குள் வந்த சேற்றைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் பேசி முடிக்கும்வரை எதிர்வரிசைப் பக்கம் என் கண் போகவில்லை.

அனுமதி மறுக்கப்பட்டது. எங்கள் தெருவில் பிரியாணி வாங்கிக் கொண்டாடினார்கள். அந்தத் தீபாவளிக்கு அண்ணன் மட்டும் முறுக்கு டப்பாவோடு வந்தார், உட்காராமலே கிளம்பினார்.

பிறகு அவர்களுக்கு பத்து காவானிலேயே ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்தது. முன்பு தோட்டமாக இருந்த நிலம்தான். அண்ணன் இப்போது தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டித் தீவுக்கு வேலைக்கு வருகிறார்.

போன மாதம்தான் துணிந்து அங்கே போனேன். அண்ணி மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. கடலுக்கு அப்பால் தெரிந்த தீவைக் காட்டி, “அங்க பாருங்க, உங்க மலை. இன்னிக்கு நல்லாத் தெரியுதுலா” என்றார். எங்கள் சரிவு அந்த மலைகளுக்கு மறுபக்கம் இருக்கிறது, இங்கிருந்து தெரியாது. அதை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வாங்க அண்ணி என்று மட்டும் கூப்பிட்டேன்.

“வரேன் தங்கச்சி. அந்த வீடு கெடச்சிருந்தா தெனமும் நடந்தே வந்திருப்பேன்.”

சொல்லிவிட்டு, வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினார்.