உட்காருங்க, சபரீஷ்

சரவணம்பட்டிப் பக்கம் உள்ள அந்தப் பொறியியல் கல்லூரியில் ஃபர்சானாவின் வகுப்பை எடுத்தவர்களில் பாதிப் பேர், தேர்வு எளிது என்று கேள்விப்பட்டு எடுத்தவர்கள். ‘அன்றாட வாழ்வில் தத்துவம்’ என்று அதற்குப் பெயர். விருப்பப் பாடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் முதல் வகுப்பு. கண்ணைச் சொருகும் நேரம் அது. தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, இரண்டு வருடம் வேலை இல்லாமல் உக்கடத்தில் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வகுப்பே பெரிய விஷயம். ஒப்பந்த வேலைதான். ஆனாலும் தான் படித்ததைச் சொல்லிக்கொடுக்க ஓர் அறையும் கேட்க அறுபது பேரும் கிடைத்திருக்கிறார்களே என்று இருந்தாள்.

புத்தகத்தில் உள்ள பெயர்களை அவள் அதிகம் எடுக்கமாட்டாள். “லிஃப்டுல ஏறினதும் எல்லாரும் கதவைப் பார்த்தே நிக்கிறோம், ஏன்?” என்று தொடங்குவாள். “வாட்ஸப்புல நீல டிக் விழுந்தாச்சு. பாத்துட்டா பதில் போட்டே ஆகணும்னு கடமை இருக்கா?” என்பாள். தூங்க வந்த பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்து சண்டை போடுவார்கள். வகுப்பு முடிந்தும் படிக்கட்டுவரை அந்தச் சண்டை போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நடப்பது அவளுக்குப் பிடிக்கும்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு சபரீஷ் அப்படி நிமிர்ந்தவர்களில் ஒருவன். வெள்ளகோவில்காரன். அப்பாவுக்குத் தேங்காய் உலர்த்தும் களம், கொப்பரை வியாபாரம். அதிகம் பேசமாட்டான், ஆனால் பேசினால் விடமாட்டான். தனக்குத் தெரியாமல் நடந்த ஒன்றுக்கு ஒருவன் பொறுப்பாவானா என்று ஒரு நாள் பேச்சு வந்தபோது, “தெரியாதுன்னு சொல்றவன் தெரிஞ்சுக்க முடியுமா முடியாதான்னு பாக்கோணுமுங்க மேடம்” என்றான். அந்த வாக்கியத்தை அவள் வீட்டில் கணவன் அர்ஷத்திடம்கூடச் சொன்னாள்.

அடுத்த வாரம் கவனம் பற்றிப் பாடம். ஏ4 தாள் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, எல்லோரும் செல்போனை அதில் போட்டுவிடச் சொன்னாள். கண்ணை மூடிச் சும்மா உட்கார வேண்டும். மனம் எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் ஒரு போன் அதிரத் தொடங்கியது. அட்டைப் பெட்டி என்பதால் தவளை கத்துவதுபோல அறை முழுக்கக் கேட்டது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. சிலர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்கள். மூன்றாம் முறை அதிர்ந்தபோது யாரோ மேசைப் பக்கம் வருவதை உணர்ந்து ஃபர்சானா நிமிர்ந்தாள். சபரீஷ். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

“மேடம், என்னோடதுங்க. எடுத்துக்கட்டுங்களா?”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “உட்காருங்க, சபரீஷ். அஞ்சே நிமிஷம். எடுக்கணும்னு இப்பத் தோணுதில்ல, அது எங்கிருந்து வருதுன்னு மட்டும் பாருங்க.”

அவன் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தான். போய் உட்கார்ந்தான். போன் இன்னும் இரண்டு தடவை அதிர்ந்து அடங்கியது. கண் மூடியிருந்த வகுப்பில் அவன் எழுந்து வந்து கேட்டதை யாரும் பார்க்கவில்லை.

மணி அடித்ததும் எல்லோரும் பெட்டியைச் சூழ்ந்தார்கள். சபரீஷ் போனைக் காதில் வைத்தபடி வராந்தாவுக்குப் போனதை ஃபர்சானா பார்த்தாள். அடுத்த நிமிடம் அவன் படிக்கட்டில் ஓடும் சத்தம் கேட்டது. பையைக்கூட எடுக்கவில்லை.

சாயங்காலம் வகுப்பின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. சபரீஷின் அப்பா களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காங்கேயத்தில் முதலுதவி செய்து, கோவைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருக்கிறார்கள். பல்லடம் தாண்டும்போது போய்விட்டார். அதுவரை நினைவோடுதான் இருந்தார், பையனிடம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

அதைப் படித்தபோது ஃபர்சானா காந்திபுரத்தில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். உக்கடம் பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை.

வீட்டில் அர்ஷத்திடம் மட்டும் முழுவதையும் சொன்னாள். அவன் ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்கிறான், எதற்கும் பதறாத ஆள். அன்று பதறினான்.

“அவன் எந்திரிச்சு வந்து கேட்டதை யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்லை.”

“அப்ப நீயாப் போய்ச் சொல்லாத. கேட்டா மட்டும் பதில் சொல்லு. வேலை போறது ஒரு பக்கம். நம்ம பேரைப் பாத்ததுமே அதை வேற கதையா ஆக்கறதுக்கு ஊர்ல ஆள் இருக்குது, உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதனால்தான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் மேசைமேல் ஒரு போன் அதிர்ந்தாலும் கையில் இருந்ததை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். வகுப்பில் அவள் பாடப்புத்தகத்தைத் திறந்து வாசித்தாள். பையன்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சபரீஷ் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துத் துறைத்தலைவர் ராமாமணி மேடம் அவளைக் கூப்பிட்டார். சபரீஷின் தாய்மாமன் கல்லூரிக்கு வருகிறார் என்று தகவல்.

“போனைப் பெட்டியில வெச்சது பசங்களோட விருப்பம். யாரும் நடுவுல வேணும்னு கேக்கலை. அவ்வளவுதானே ஃபர்சானா?” என்றார். கேள்வி மாதிரித்தான் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கிவிட்டார். ஃபர்சானா அந்தத் தாள்களையே பார்த்தாள். அந்த மௌனத்தை ராமாமணி சம்மதமாக எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நின்றாள்.

தாய்மாமன் தம்பிதுரை வெள்ளைச் சட்டை வேட்டியில் வந்தார். நாற்பது வயதிருக்கும். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து, கதவருகே காவலாளி ஒருவரை நிற்கவைத்திருந்தார்கள். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“நான் சண்டைக்கு வரலீங்க. ஒரே ஒரு விசயம் தெரிஞ்சாப் போதுமுங்க,” என்றார். “பையன் அன்னிக்குப் போனை எடுக்கோணும்னு கேட்டானுங்களா, இல்லீங்களா?”

“யாருமே கேக்கலீங்க,” என்றார் ராமாமணி. “கேட்டிருந்தா குடுத்திருப்போம்.”

தம்பிதுரை தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்திருந்த ஃபர்சானாவுக்கு, அது வராதது விளங்கவில்லை. அவர் ஏதோ ஒரு கடைசி நம்பிக்கையைக் கீழே வைக்கிறவர்போல மெதுவாகப் பேசினார்.

“அப்ப அவன் பொய்தான் சொல்லிப்போட்டானாட்ட இருக்குதுங்க. மச்சானுக்கும் அவனுக்கும் கொஞ்ச நாளாவே பேச்சு இல்லீங்க. படிச்சு முடிச்சுட்டுக் களத்தைப் பாருன்னாரு இவரு. பெங்களூரு போறேன்னான் அவன். அவரு கூப்பிட்டா எடுக்கமாட்டான். இதுவும் அப்படித்தான், வேணும்னே எடுக்காம உட்டுட்டான்னு என்ற அக்கா, அவனோட அம்மா, நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க. காரியம் பண்ணுன பையன், அவங்கூட ஒரு வார்த்தை பேசறதில்லீங்க. ‘நான் கேட்டேன், மேடம் உக்காரச் சொல்லிட்டாங்க’ன்னு அவன் அழுவறான். யாரும் நம்பலீங்க. நானாச்சும் போய்க் கேட்டுட்டு வாரேன்னு வந்தேன்.”

ராமாமணி, “வருத்தமான விஷயந்தானுங்க,” என்று சொல்லி எழுவதற்கு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“கேட்டாருங்க,” என்றாள் ஃபர்சானா.

ராமாமணி அப்படியே நின்றார்.

“எந்திரிச்சு வந்து, எடுத்துக்கட்டுமான்னு கேட்டாருங்க. நான்தான் அஞ்சு நிமிஷம் உட்காரச் சொன்னேன். அவர் பொய் சொல்லலை.”

“ஃபர்சானா, நீங்க என்ன பேசறீங்கன்னு…”

“தெரிஞ்சுதான் மேடம் சொல்றேன்.” அவள் தம்பிதுரையின் பக்கம் திரும்பினாள். “இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

தம்பிதுரை எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார். அடிக்கப் போகிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை.

“இதை நான் போய்ச் சொன்னா என்ற அக்கா நம்பாதுங்க. பையனுக்கோசரம் நான் பரிஞ்சு பேசறேன்னுதான் சொல்லும். நீங்க வந்து சொல்லோணுமுங்க. வண்டி கீழ நிக்குது.”

போக வேண்டாம் என்று ராமாமணி வராந்தாவரை வந்து சொன்னார். கல்லூரி சார்பில் போவதாக ஆகிவிடும், பிறகு தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். அவர் சொன்னதில் மிரட்டலைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. “நான் மட்டுந்தான் மேடம் போறேன்,” என்று சொல்லிவிட்டு ஃபர்சானா படியிறங்கினாள்.

காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். தம்பிதுரை ஓட்டினார். சூலூர் தாண்டும்போது அர்ஷத் போன் செய்தான். எங்கே போகிறாள் என்று சொன்னதும், யாரோடு என்று கேட்டான். பிறகு, “போய்ச் சேந்ததும் கூப்பிடு. திரும்பும்போதும் கூப்பிடு. நான் காங்கேயம் வந்து நிக்கட்டுமா?” என்றான். வேண்டாம் என்றாள். பல்லடத்தில் கார் போக்குவரத்து நெரிசலில் நின்றபோது தம்பிதுரை கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். இங்கேதான் என்று அவர் சொல்லவில்லை. ஃபர்சானா கண்ணை மூடிக்கொண்டாள்.

வெள்ளகோவிலுக்கு வெளியே, களத்தை ஒட்டிய வீடு. முற்றத்தில் வாடகை நாற்காலிகள் இன்னும் அடுக்கப்படாமல் கிடந்தன. பெண்கள் நிறைய இருந்தார்கள். முக்காட்டோடு ஒருத்தி வருவதைப் பார்த்துப் பேச்சு நின்றது. கூடத்துச் சுவரில் சாய்ந்து சபரீஷின் அம்மா நாச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். எதிர் மூலையில், மொட்டைத் தலையோடு சபரீஷ். ஃபர்சானாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வகுப்பில் எழுவதுபோலவே எழுந்தான்.

ஃபர்சானா அந்த அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் நினைவில் இல்லை.

“நான் அவருக்கு வகுப்பெடுக்கறவங்க. நீங்க கூப்பிட்டப்போ அவர் எந்திரிச்சு வந்து என்கிட்டக் கேட்டாருங்க. நான்தான் விடலை. அவர் மேல தப்பில்லீங்க.”

நாச்சியம்மாள் அவளையே பார்த்தார். “எதுக்குங்க உடலை?”

கவனம், பழக்கம், மனம் என்று அறுபது பேருக்கு முன்னால் சொன்ன எதையும் இந்தக் கூடத்தில் சொல்ல முடியாது. “பாடத்துக்காகங்க,” என்றாள். “போன் வந்தா உடனே எடுக்காம இருந்து பாக்கறதுன்னு ஒரு பாடம். முக்கியமான அழைப்பா இருக்கும்னு நினைக்கலை. நினைச்சிருக்கணும்.”

“எத்தனை நேரம் உக்காரச் சொன்னீங்க?”

“அஞ்சு நிமிஷம்.”

“அந்த அஞ்சு நிமிசம் வரைக்குந்தானுங்க அவரு பேச்சோட இருந்தாரு.”

யாரோ ஒரு பெண் விம்மினாள். நாச்சியம்மாள் அழவில்லை. ஃபர்சானா தலை குனிந்து, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அந்த அம்மா கையை ஊன்றி எழுந்தார். ஃபர்சானாவைத் தாண்டி, எதிர் மூலைக்குப் போனார்.

“காலைலருந்து ஒன்னும் திங்கலயாமா நீ?” என்றார். “வா கண்ணு, சாப்புடு.”

சபரீஷ் அப்படியே நின்றான். பிறகு அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. அம்மா அவன் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப்போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஃபர்சானா சொல்லாமல் எழுந்தாள். வாசலில் தம்பிதுரை ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். நின்றபடியே முழுவதையும் குடித்தாள். அவ்வளவு தாகம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கல்லூரி சத்தமில்லாமல் நடந்துகொண்டது. அந்த வகுப்பு வேறொருவருக்குப் போனது. பருவம் முடியும்வரை அவளுக்கு நூலகத்தில் வேலை, அதற்குப் பிறகு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. சொன்னபோது ராமாமணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அர்ஷத் திட்டவில்லை. ட்யூஷனுக்குப் பழைய பிள்ளைகள் வருவார்களா என்று மட்டும் விசாரித்துவைத்தான்.

சபரீஷ் மறுமாதம் கல்லூரிக்குத் திரும்பினான். முடி கொஞ்சம் முளைத்திருந்தது. ஒரு நாள் நூலகத்துக்கு வந்து, அவள் உட்கார்ந்திருந்த மேசைக்கு எதிரே நின்றான். அம்மா இப்போது பேசுகிறார் என்றான். களத்தை மாமன் பார்த்துக்கொள்கிறார் என்றான். பெங்களூரு பேச்சை அவன் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. போகத் திரும்பியவன் மறுபடி வந்தான்.

“மேடம், ஒன்னு சொல்லோணுமுங்க. யார்கிட்டயும் சொல்லலை. அன்னிக்கு நீங்க உட்காருங்கன்னு சொன்னப்ப, எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சுங்க. போன்ல அம்மா பேரு தெரிஞ்சுது, ஆனா தான் கூப்பிட்டா நான் எடுக்கமாட்டேன்னு அப்பாதான் அம்மா போன்லருந்து கூப்பிடறாருன்னு நெனச்சேன். நீங்க எடுக்கச் சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பனான்னு எனக்கே தெரியலீங்க.”

ஃபர்சானா அவனைப் பார்த்தாள். அப்படி இல்லை என்று சொல்லிவிடலாம். எடுத்திருப்பாய் என்று சொல்லலாம். அந்த வயதுப் பையனுக்கு அது கொஞ்சம் தூக்கத்தைக் கொடுக்கும். ஆனால் அவளுக்கும் அது தெரியாது.

“எனக்கும் தெரியலை சபரீஷ்,” என்றாள். “ஆனா நீங்க எந்திரிச்சு வந்து கேட்டீங்க. அது நடந்தது. அதை நான் பார்த்தேன்.”

அவன் தலையசைத்தான். அது போதுமா போதாதா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். வெளியே கல்லூரிப் பஸ்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. இருவருமே எழுந்திருக்கவில்லை.