ஊரெல்லாம் எங்க மண்ணு

எட்டு வயதுக்குள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாதிக் கடற்கரையைத் தானம் செய்தவன் நான். வகுப்பில் ரப்பர் கொடுத்தவனுக்குச் சவுக்குத் தோப்பு, வீட்டுக்கணக்கு காட்டியவளுக்குக் கடல் பார்த்த மனை. இன்று அங்கே விற்கிற விலைக்குக் கடையெழு வள்ளல்களை எட்டாக்கியிருக்க வேண்டும்.

எல்லாம் அப்பாவின் ஒரு வார்த்தையால் வந்தது. எங்கள் அணுமின் நிலையக் குடியிருப்பில் யாராவது பூர்வீகம் கேட்டால், "செய்யூர் பக்கம். தாத்தா காலத்துல மண்ணு யாவாரம்" என்று குரலைத் தணித்துச் சொல்லிவிட்டு, சட்டென்று பேச்சை கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிடுவார். வயலெல்லாம் மனைக்கல் முளைத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளில் மண் வியாபாரத்துக்கு வேறென்ன அர்த்தம்? அப்பாவைவிடப் பதினைந்து வயது இளைய சித்தப்பாவும் அப்படித்தான் நம்பினார்.

சித்தப்பா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வேலைகளிலும் அப்படியே. கூடுவாஞ்சேரியில் பெண் பார்த்த இடத்தில், வேலையைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், "கடலோரம் எங்க மண்ணு கீது" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். ஞாயிறன்று அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கை காட்ட ஓர் இடம் வேண்டும். இல்லையென்றால் பெண் இல்லை. அண்ணனிடம் கேட்டால் பாகம் கேட்பதாக நினைத்துக்கொள்வாராம். எனக்கும் அவசரம்: சவுக்குத் தோப்புக்காரன் சொத்தைப் பார்க்க வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மொபெட்டில் கிளம்பினோம். ஊருக்கு ஊர் சித்தப்பா வண்டியை அணைக்காமலே தன் தாத்தா பெயரைச் சொல்லி விசாரித்தார். பதில் முடியுமுன் அடுத்த ஊர். செய்யூர் தாண்டி, வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் நிமிர்ந்தார்.

"அவரு பேரனா நீ? இந்த ஊரு பூரா அவரு மண்ணுதான் நைனா!"

சித்தப்பா முதல்முறையாக வண்டியை அணைத்தார்.

"பூராவுமா?"

"எந்த வூட்ல இல்ல? எங்க வூட்லயே கீது. வா, காட்றேன்."

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். கொல்லையில் ஒரு பசு, அதன் முன்னால் இடுப்பளவு மண்தொட்டி. விரலை மடக்கித் தட்டினார். ணங்கென்றது.

"வண்டி நெறைய சட்டி பானை ஏத்திகினு ஊரு ஊரா வருவாரு. இது அவரு எங்க நைனாவுக்கு வித்தது. இன்னும் சொட்டுத் தண்ணி கசியல பாரு."

பசு தலையை உள்ளே விட்டு எங்கள் பூர்வீகச் சொத்தைச் சத்தத்தோடு உறிஞ்சியது. "அப்ப நெலம்?" என்றேன்.

"நெலமா? அவரு நெலத்துல நின்னாத்தானே! கூழு குடுத்தாகூட நின்னுகினே குடிச்சிட்டுப் போய்க்கினே இருப்பாரு." பேச்சை நிறுத்தி, தான் கொடுத்த மோரை நின்றபடியே குடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்த சொல்றது... அச்சு அசல்."

திரும்பும் வழியில், திங்கட்கிழமை தோப்புக்காரனுக்கு என்ன சொல்வது என்று காற்றுக்கு மேல் கத்திக் கேட்டேன். சித்தப்பா வண்டியை இன்னும் முறுக்கினார். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், மாமல்லபுரம் வரை ஓட்டிப்போய், அங்கேயும் இறங்காமல் வண்டியைத் திருப்பினார்.

சாயங்காலம் மொபெட்டின் புழுதியைத் துடைத்துக்கொண்டே, நாங்கள் போன காரியம் தெரிந்தவராய் அப்பா கேட்டார்: "இன்னா, மண்ணு கெடச்சுதா?"

"மாட்டுக் கொட்டாய்ல கீது" என்றேன்.

துடைத்த கை நின்றது. "பக்கத்து வூட்ல போய்ச் சொல்லிகினு இருக்காத" என்றார், அதே தணிந்த குரலில். விஞ்ஞானிகள் வசிக்கும் தெருவில் ஒரு குமாஸ்தா எதற்காகக் குரலைத் தணித்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரே வரியில் சொல்லியிருக்கக்கூடியதைச் சொல்லாமல், தம்பியை நாள் முழுக்க ஏன் அலையவிட்டார் என்பதும்தான்.

கல்யாணம் நடந்தது. பல வருஷம் கழித்து இந்தக் கதையைச் சித்தியிடம் உருக்கமாகச் சொன்னேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நெலமா? அதெல்லாம் யாரு காதுல வாங்கினா? எங்க நைனா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: மாப்ள, அந்த மொபெட்டு உங்க சொந்தமா? ஆமான்னாரு உங்க சித்தப்பா. அதுவும் உங்கப்பாதுன்னு தாலி ஏறினப்புறம்தான் தெரிஞ்சுது."