சத்தம் வராத பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில், காரைக்காலை அடுத்த குரும்பகரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவர் மாதா கோயிலில் பூசைக்குப் பாடும் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். ஆனால் கோயில் மணி அடித்தாலே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். நாளாக ஆகக் கஞ்சிக்கும் வாயை இறுக மூடிக்கொண்டார். ஆளே போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பிரான்சில் இருக்கும் என் கொழுந்தனார் விடுமுறைக்கு வந்தார். அங்கே ஓர் இசைக் கல்லூரியில் கருவிகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. கூடவே ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தார். தலையில் கம்பிகளை ஒட்டினால், மூளையில் ஓடுகிற மின்சாரத்தை அது இசையாக மாற்றுமாம். கண்ணை மூடி மனசு அடங்கினால் சத்தம் எழும்பும், கண்ணைத் திறந்தால் நின்றுவிடும். கையும் வேண்டாம், வாயும் வேண்டாம்.

"எல்லார் கொழுந்தனும் சென்ட் வாங்கியாருவாங்க, ஒன் கொழுந்தன் கம்பி வாங்கியாந்திருக்காரு" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷாக் அடித்துவிட்டால் என்ன செய்வது? மனசுக்குள் கம்பி விடுவது கடவுளுக்கு அடுக்குமா? ஆனால் என் கணவர் அந்தப் பெட்டி மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அவர் ஆசையோடு பார்த்தது அதைத்தான். அதனால் சம்மதித்தேன்.

மறுநாள் காலை ஜெபமாலை சொல்லிவிட்டு, வேளாங்கண்ணியிலிருந்து கொண்டு வந்திருந்த மந்திரித்த எண்ணெயை அவர் தலை நிறைய வைத்துத் தேய்த்தேன். மிச்சத்தை நானும் வைத்துக்கொண்டேன்.

கொழுந்தனார் காசு மாதிரியான தகடுகளைப் பசை தடவி அவர் தலையில் ஒட்டினார். என் கணவர் கண்ணை மூடினார். லேசாக ஓர் இரைச்சல், அவ்வளவுதான். கம்பியை மாற்றினார், பேட்டரியை மாற்றினார். இசை வரவில்லை. பெட்டி கெட்டுவிட்டதோ என்று தன் தலையிலேயே ஒட்டிக்கொண்டு பார்த்தார். புல்லாங்குழல் போல ஒரு நாதம் அழகாக எழும்பியது.

நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் முகம் சுவர் பக்கம் போயிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, தன் தலைக்குள்தான் ஒன்றும் மிச்சமில்லை என்று முடிவு கட்டிவிட்டார். இனி இவரை எப்படி மீட்பேன்?

"என் தலையில ஒட்டுங்க தம்பி" என்றேன். எனக்கும் வராமல் போனால் அவருக்குத் துணையாக இருக்குமே என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். வரவில்லை. அதே இரைச்சல்தான்.

"பாருண்ணே, அண்ணிக்கும் மண்டையில ஒண்ணுமில்ல."

"அது தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டாரு" என்றேன். கட்டிலிலிருந்து ஹூம் என்று ஒரு சத்தம். அவர் சிரித்திருந்தார்.

தகட்டைக் கழற்றிய கொழுந்தனார் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். "அண்ணி, தலைக்கு என்ன வச்சீங்க?"

"மந்திரிச்ச எண்ணெய் தம்பி. அவருக்கும் வச்சேன்."

"இவ்வளவு எண்ணெயில பசை எப்படிப் பிடிக்கும்? அங்கல்லாம் யாரும் எண்ணெய் வைக்க மாட்டாங்க, எனக்கும் தோணாமப் போச்சு. அண்ணன் தலையைக் கழுவிடுங்க."

மந்திரித்த எண்ணெயைக் கழுவுவதா என்று மனசு பதறியது. கீழே ஒரு குண்டானை வைத்து, சீயக்காய் போட்டு அவர் தலையை அலசினேன். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தென்னை மரத்தடியில் ஊற்றினேன்.

மறுபடி ஒட்டியபோது அவர் கண்ணை மூடவே பயந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மூடினார். முதலில் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து மெல்ல ஒரு நாதம் வந்தது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார், நின்றது. மூடினார், வந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். நான் அவருக்குப் பிடித்த மாதா பாட்டைத் தொடங்கினேன். ஒவ்வோர் அடி முடியும்போதும் கண்ணைத் திறந்து நிறுத்தினார், நான் மூச்சை இழுத்ததும் மூடி எழுப்பினார். கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. நான் காத்திருந்து பாடினேன். அன்று மத்தியானம் கஞ்சிக்கு அவராகவே வாயைத் திறந்தார்.

அதன் பிறகு சில வருடங்கள் அவர் எங்களோடு இருந்தார். பேச்சு கடைசிவரை திரும்பவில்லை. இன்றும் என் ஜெபத்துக்குப் பதிலே இல்லாதது போல் இருக்கும் நாட்களில், சத்தம் கேட்கவில்லை என்பதற்காக அங்கே யாருமில்லை என்று முடிவு கட்டிவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.