உள்பக்கம் தேய்ந்த டயர்

டயரின் உள்ளோரத்தைத் தடவியபோது கம்பி குத்திக் கையில் ரத்தம் வந்தது. மாற்றி அதிக நாள் ஆகாத டயர் அது. வலப்பக்கச் சக்கரங்கள் உள்ளோரத்திலும் இடப்பக்கச் சக்கரங்கள் வெளியோரத்திலும் மட்டும் மொட்டையாகியிருந்தன. ஒரகடம் சாலை அகலமாவதற்கு முன்பு, தொழிற்சாலைகளுக்கு இரும்புச் சுருள் ஏற்றும் டிரெய்லர்கள் நிற்கும் யார்டு ஒன்றில் நான் ஃபிட்டராக இருந்தேன். அந்த டயர் மாட்டியிருந்த வண்டியின் டிரைவர் சேரப்பணஞ்சேரிக்காரர். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காததால்தான் டயர் போகிறது என்பார் மேனேஜர். ஒருநாள் எல்லோர் முன்னாலும் அண்ணனைக் குடிகாரன் என்றார். பீடிகூடத் தொடாத மனிதர் அவர். வேகத்தால் தேய்ந்தால் இரண்டு பக்கமும் வெளியோரம்தானே போகவேண்டும் என்று எனக்கு எரிச்சல் வந்தது. நானும் அண்ணனும் டேப் பிடித்தோம். டிரெய்லரை லாரியோடு பூட்டும் கிங் பின்னிலிருந்து பின் அச்சின் இரண்டு முனைகளுக்கும் அளந்தால், இடப்பக்கம் குறைவாக வந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் போல்ட் உடைந்து, அச்சு ஒருபக்கம் முன்னே நகர்ந்திருந்தது. சக்கரங்கள் கோணலாக இழுபட்டுக்கொண்டே ஓடியிருக்கின்றன.

மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. வேறு டயர் போட்டு அனுப்பு, லோடு முக்கியம் என்றார். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னார்.

கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் சாலையோரமெல்லாம் ஜனம் நடந்துகொண்டிருந்தது. அன்றும் லோடு போகவேண்டும் என்றார் மேனேஜர். அண்ணன் வண்டியை எடுத்துக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாவியோடு இறங்கினார்.

"ரோட்ல புள்ளகுட்டிங்களோட ஜனம் போய்க்கினு கீது சார். அச்ச சரி பண்ணாம இந்த வண்டி வெளிய போவாது."

பின்னால் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. தொழிற்சாலையிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். வேறு வழியில்லாமல் மேனேஜர் தலையாட்ட, அங்கேயே ஜாக்கி போட்டு அச்சை நகர்த்திப் புதுப் போல்ட் பூட்டினோம். மறுபடி அளந்தபோது இரண்டு பக்கமும் சரியாக வந்தது.

மறுநாள் அண்ணனை உள்ளே விடவில்லை. மேனேஜர் அறைக்குள் போய்க் கத்தினேன். அதற்கடுத்த நாள் என்னையும் விடவில்லை.

போன மாதம் சுங்குவார்சத்திரத்தில் டீக்கடையில் அந்த மேனேஜரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அடையாளம் கண்டு பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அந்த வண்டி அப்புறம் டயரே தின்னலப்பா. நம்ம மெயின்டனன்ஸ் அப்டி."

"அத ஓட்டுன டிரைவர் பேரு ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டேன். நெற்றியைத் தடவி யோசித்தார். வரவில்லை. நீயே சொல்லு என்றார்.

நான் சொல்லவில்லை. அந்த வாயில் அந்தப் பெயர் வரவேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.