மாப்பிள்ளை விசாரிக்கப் போய் வீடியோ கேம் கடையில் நின்றது

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். தங்கைக்குக் கொல்கத்தாவில் ஒரு வரன் வந்திருக்கிறதாம். பையனுக்கு நியூ டவுனில் ஐ.டி. வேலை. நேரில் போய் விசாரித்துவிட்டு வர எத்தனை நாள் ஆகும், எங்கே தங்கலாம் என்று கேட்கிறார். கேட்க வேண்டிய ஆளைத்தான் பிடித்திருக்கிறார். 1987 டிசம்பரில் இதே வேலையாக இதே ஊருக்கு நான் போனேன். நியூ டவுன் அப்போது கிடையாது. நான் போனது டாலிகஞ்சுக்கு.

என் தங்கை கோமதிக்கு அப்போது இருபத்தேழு வயது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். இரண்டு இடம் பேசித் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகத் தரகர் கொண்டுவந்தவர் சங்கரன். தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்குப் போய்விட்ட திருநெல்வேலிக் குடும்பம். பையன் எஸ்பிளனேடில் ஓர் அரசாங்க நிறுவனத்தில் இன்ஜினீயர். ஜாதகம் பொருந்தியது. மற்ற போட்டோக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தவள், இந்தப் போட்டோவை மட்டும் கொடுக்கவில்லை. மார்கழியில் விசாரித்து முடித்துவிட்டால் தையில் கல்யாணம் என்று அம்மா கணக்குப் போட்டாள்.

விசாரிக்க என்னை அனுப்பினார்கள். அதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் தானாக வந்து சொன்னால், இன்றைக்குத்தான் கலந்திருக்கிறார் என்று நினைக்கிற ஆள் நான்.

திருநெல்வேலியிலிருந்து ராத்திரி வண்டியில் மெட்ராஸ். அங்கே ஒரு பகல், ஓர் இரவு உறவினர் வீட்டில். மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் சென்ட்ரலில் ஏறினால், அதற்கு மறுநாள் மதியம் ஹவுரா. ஆயிரத்து அறுநூற்று அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஒரிசா தாண்டியதும் குளிர ஆரம்பித்துவிடும். நான் போர்வை கொண்டுபோகவில்லை. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

ஹவுராவில் டாக்ஸிக்காரர் நான் வாயைத் திறக்கும் முன்பே "லேக் மார்க்கெட்?" என்றார். இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் திக்கென்றது. நெற்றியில் திருநீறு பூசிய ஆள் அந்த ஊரில் வேறெங்கே போவான் என்பது பிறகுதான் உறைத்தது. லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் அதிகம். அங்கே ஒரு மெஸ்ஸின் மாடியில் அறை கிடைத்தது. நாளுக்குப் பன்னிரண்டு ரூபாய், காலை இட்லி உட்பட. டாலிகஞ்ச் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்தான், டிராமில் போய்விடலாம்.

முதல் நாள் காலை சங்கரன் வீட்டுத் தெருமுனை டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். விசாரிக்கப் போகிறவர்களுக்கு டீக்கடையை விட்டால் கதி கிடையாது. பெஞ்சில் குரங்குக் குல்லாய் போட்ட நாலு பெரியவர்கள் கால்பந்து பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கு ஆரம்பித்த சண்டை ஒன்பதரைக்கும் முடியவில்லை. இதை அவர்கள் அட்டா என்கிறார்கள். நாம் வெட்டிப்பேச்சு என்போம். நான் இன்சூரன்ஸ் ஆள் என்று சொல்லிக்கொண்டு, அரைகுறை இந்தியில் சங்கரனைப் பற்றிக் கேட்டேன்.

டீக்கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "நல்ல பையன். ஆனால் சாயங்காலமானால் பார்க் ஸ்ட்ரீட்டில் வீடியோ கேம்" என்றார்.

பெஞ்சுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கிளப்பில் கேரம் போர்டு சும்மா கிடக்கிறதாம். பூஜைக்குச் சந்தா வசூலிக்கக்கூடப் பையன்கள் கிடைக்கவில்லையாம். எல்லாரும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறார்களாம். ஒருவர் கண்ணைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். கண் போய்விடும் என்று அர்த்தம்.

வீடியோ கேம் என்றால் என்னவென்று பத்திரிகையில் படித்ததோடு சரி. காசு போட்டு ஆடுவது என்று தெரியும். எங்கள் ஊரில் காசு போட்டு ஆடினால் அதற்குச் சூது என்று பெயர்.

அன்று மாலை ஐந்தரைக்கு எஸ்பிளனேடில் அவர் ஆபீஸ் வாசலில் நின்றேன். போட்டோவில் பார்த்த அதே முகம். கழுத்தில் மப்ளர், கையில் டிபன் பாக்ஸ். மெட்ரோ படியில் இறங்கினார், நானும் இறங்கினேன். மெட்ரோ அப்போது டாலிகஞ்ச் வரை வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தரையெல்லாம் பளபளவென்று இருந்தது, ஒருவர்கூடத் துப்பவில்லை. டிக்கெட் ஒரு ரூபாய். வீட்டுக்குப் போகிறாரோ என்று பார்த்தால், அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டார். பார்க் ஸ்ட்ரீட். நடந்தால் கால் மணி நேரத் தூரம். அதற்கு எதற்கு ஒரு ரூபாய் என்று டைரியில் குறித்துக்கொண்டேன்.

மேலே வந்து ஏழு நிமிஷ நடை. ஒரு சந்து, கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடிக் கதவு, உள்ளே கனமான திரை. சாராயக் கடைக்குக்கூட எங்கள் ஊரில் இத்தனை மறைப்புக் கிடையாது. ஐந்து நிமிஷம் கழித்து நானும் நுழைந்தேன்.

அலமாரி உயரத்தில் எட்டு மெஷின்கள். நோட்டைக் கொடுத்தால் வில்லை தருகிறார்கள், ஒரு வில்லை ஒரு ரூபாய். அதைப் போட்டால் திரையில் கலர் கலராகப் பூச்சிகள் இறங்கும், நாம் சுட வேண்டும். பூச்சிதான் முக்கால்வாசி ஜெயிக்கிறது. காலேஜ் பையன்கள், டை கட்டிய ஆபீஸ்காரர்கள், எல்லார் முகத்திலும் பச்சை வெளிச்சம். டிராமில் பக்கத்தில் நிற்கிறவர் நம் பேப்பரைப் படித்துவிட்டு நம்மிடமே அபிப்பிராயம் சொல்கிற ஊர் அது. இங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பேசாத கூட்டத்தை நான் நம்புவதில்லை.

சங்கரன் மூன்று வில்லை வாங்கினார். மூன்றும் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட வரவில்லை. அவர் பாட்டுக்குப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார், பூச்சிகள் அவை பாட்டுக்கு இறங்கி அவரைக் கொன்றன. பக்கத்து மெஷினில் மீசை முளைக்காத காலேஜ் பையன் ஒரே வில்லையில் பதினைந்து நிமிஷம் ஆடினான். தினமும் வருகிற ஆள் இவ்வளவு மட்டமாக ஆடுவாரா? இதையும் டைரியில் எழுதினேன்.

மறுநாள் அதே ஐந்தரை, அதே ஒரு ரூபாய் டிக்கெட், அதே கடை. மெட்ரோவிலிருந்து மேலே வந்ததும் ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்தார். கூட்டத்தில் சிக்கிக்கொண்ட நான் வந்து சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்தார். உள்ளே போய் முதல் வில்லையைப் போட்டார். அப்போது கரண்ட் போய்விட்டது. லோட் ஷெடிங் அந்த ஊரில் தினப்படி சமாசாரம். எட்டுத் திரையும் அணைந்ததும் கடை முழுக்க ஒரே ஓலம். ஆனால் உடனே பேச்சு ஆரம்பித்துவிட்டது. யார் எத்தனை புள்ளி, யாருக்கு எங்கே போனது என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். முந்தின நாள் காலையில் டீக்கடை பெஞ்சில் பார்த்த அதே அட்டா, குல்லாய்தான் இல்லை.

சங்கரன் திரும்பி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "வாங்க ஸார், டீ சாப்பிடலாம். ரெண்டு நாளா அலையறீங்க."

திரையை விலக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். வெளியே மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவரே பேசினார்.

"எங்க பாராவுல, அதான் எங்க பேட்டையில, புது ஆள் ஒருத்தர் பேர் சொல்லிக் கேட்டா, அரை மணியில வீட்டுக்குச் சேதி வந்துடும். கோச்சுக்காதீங்க. பொண்ணு வீட்லேருந்து விசாரிக்க வந்ததுல நீங்க மூணாவது ஆள். முதல்ல வந்தவர் நடந்து பின்தொடர்ந்து சௌரங்கி ரோட்டுக் கூட்டத்துல தொலைஞ்சு போனார். அதான் மெட்ரோ."

"அப்ப நான் பார்க்கணும்னே வந்தீங்களா?"

"ஆமா ஸார். எனக்கு இந்த கேம் சுத்தமா வராது. டீக்கடை நிமாய்தாகிட்ட யார் கேட்டாலும் இதைச் சொல்லச் சொன்னதே நான்தான்." ஒரு வாய் டீ குடித்தார். "ஆபீஸ்ல ஒரு பொண்ணு. பெங்காலி. நாலு வருஷமாச்சு. அப்பாகிட்டச் சொல்ல இன்னும் தைரியம் வரலை. குடிக்கறேன்னு பேர் வாங்கினா அப்பா வீட்டை விட்டே அனுப்பிடுவார். வீடியோ கேம்னா ஒரு அதட்டல்தான். ஆனா பொண்ணு வீட்டுக்காரங்க ஓடறதுக்கு அது போதும்."

அந்த மெஷினைப் பற்றி எவ்வளவோ சந்தேகப்பட்டேன், இப்படி ஓர் உபயோகம் இருக்கும் என்று தோன்றவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருத்தி உங்கள் போட்டோவை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அவர் கெஞ்சினார்: "வீட்ல வீடியோ கேம்னு மட்டும் சொல்லுங்க ஸார். ப்ளீஸ்."

ஒப்புக்கொண்டேன். அவருக்காக இல்லை. வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொன்னதாகக் கோமதி காதில் விழக்கூடாது என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்து சேர்ந்த அன்று கூடத்தில் வைத்து வீடியோ கேம் கதையைச் சொன்னேன். பொய் இவ்வளவு சுலபமாக விலைபோகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. "அது சூதாட்டம்லா!" என்றார் சித்தப்பா. அம்மா ஜாதகத்தை எடுத்து மடித்தாள்.

அடுப்படியிலிருந்து கோமதி வந்தாள். "ஏண்ணே, குடிக்காரா?"

"இல்ல."

"சீட்டு, கடன்?"

"இல்லம்மா."

"பெறகு என்ன? சித்தப்பா தெனம் ஆறு மணிக்கு ரம்மி ஆடப் போறாங்க. சித்திக்கு என்ன கொறைஞ்சு போச்சு? ஒரு மனுஷன் ஆபீஸ் விட்டு ஒரு மணி நேரம் வெளையாடுதாரு. எனக்குச் சம்மதம். அப்படியே எழுதிப் போடுங்க."

சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா என்னையே பார்த்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு அசிங்கமாக நான் உணர்ந்ததில்லை.

கிணற்றடிக்குக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அவரு உங்ககிட்ட உள்ளதச் சொல்லிட்டாரு. நீங்கதான் எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. அத்தனை பேர் முன்னால சம்மதம்னு சொல்ல வச்சுட்டீங்களே அண்ணே" என்றாள்.

இனி வாசகிக்கு. கொல்கத்தா போக டிசம்பர்தான் சரியான மாதம், ஸ்வெட்டர் அவசியம். விசாரணைக்கு இரண்டு நாள் போதாது, நாலு நாள் வையுங்கள். லேக் மார்க்கெட் பக்கம் தங்கினால் சாப்பாட்டுக் கவலை இல்லை, ஆனால் நியூ டவுன் அங்கிருந்து வெகு தூரம். பையன் போனில் என்ன விளையாடுகிறான் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கல்யாணத்தில் உனக்கு இஷ்டமா என்று அவனையே முதலில் கேளுங்கள். அவன் என்ன சொன்னாலும் அதை அப்படியே தங்கையிடம் சொல்லுங்கள். அவளுக்குத் தாங்காது என்று நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம்.

கிணற்றடியில் பேசியதற்கு மறுநாள், பள்ளிக்கூடம் கிளம்பும்போது கோமதி ஓர் இன்லண்ட் லெட்டரை என் கையில் கொடுத்தாள். டாலிகஞ்ச் முகவரி, சங்கரன் பேருக்கு. ஒட்டாமல்தான் கொடுத்தாள். போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அங்கே பசை வாங்கி, மூன்று பக்கமும் தடவி ஒட்டி, பெட்டியில் போட்டேன். படிக்கவில்லை.