மூன்கேக் டின் பெடல்

"வீட்ல செஞ்சதெல்லாம் என் ஆம்ப்ல மாட்டாதீங்கம்மா. ஆம்ப் போயிரும்லா" என்று எங்கள் இசைக்குழுவின் மூத்தவர், நான் பெடல் செய்யப்போகிறேன் என்றதுமே சொல்லிவிட்டார். கோலாலம்பூரில், சாலாக் செலாத்தானில் டயர் கடை வைத்திருப்பவர். பேஸ் கித்தார் வாசிப்பார். நாங்கள் எல்லாரும் மாட்டி வாசிக்கும் ஆம்ப், அந்த ஒலிபெருக்கி, அவருடையது. சனிக்கிழமை மாலைகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் நான்கு பேர் பயிற்சி செய்கிறோம். அப்போது ஒரு கல்யாண விருந்துக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டின் நடுவில் கித்தார் மட்டும் பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, வாசிக்க வேண்டும், கரகரத்த ஒலியில். அது என் இடம். அந்தக் கரகரப்பைத் தரும் பெடல் பெட்டி சரியாக இல்லையென்றால் அதைக் கீபோர்டுக்குக் கொடுத்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார்.

கடையில் ஒன்று வாங்கியிருக்கலாம். எல்லாரும் அதையே சொன்னதால் எனக்கு வாங்கப் பிடிக்கவில்லை. கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் மற்றவர்கள் செய்த பொருள்களைச் சோதித்துப் பிழை எழுதுவதுதான் இருபது வருடமாக என் வேலை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு பொருளை நானே செய்து, அதன் பிழையை நானே எழுத ஆசைப்பட்டேன்.

ஒரு ஐ.சி., இரண்டு டயோடு, சில கெப்பாசிட்டர்கள், ஒன்பது வோல்ட் பேட்டரி. பெட்டிக்கு, சீனர்களின் மூன்கேக் பலகாரம் வந்த தகர டின். ஜன்னலைத் திறந்து வைத்து, ஞாயிறு காலையில் சால்டர் செய்தேன். சர்க்யூட் பலகையின் அடிப்பக்கம் டின்னில் உரசாமலிருக்க, பழைய ஃபைலின் பிளாஸ்டிக் அட்டையை வெட்டி இடையில் வைத்தேன். பேட்டரியை மாட்டுமுன் அது சேரும் இரண்டு முனைகளுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்துக்கொண்டேன். சுவரில் செருகும் அடாப்டரைத் தொடவே இல்லை. முதல் சோதனைக்குப் பேட்டரி போதும்.

கித்தார், ஸ்பீக்கர் எதையும் இணைக்காமல் வெளியே வரும் முனையை அளந்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் நாலரை வோல்ட். கடைசிக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் ஒரு சொட்டு ஈயம் ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். மறுபடி அளந்தேன்: பூஜ்யம். பிழையையும் திருத்தத்தையும் எழுதிவைத்தேன். பிறகு சத்தத்தை முழுக்கக் குறைத்து, ஒரு சின்ன பேட்டரி ஸ்பீக்கரில் மாட்டி, மெல்ல ஏற்றினேன். கரகரத்தது.

சனிக்கிழமை டின்னை எடுத்து வைத்ததும் டிரம்ஸ் வாசிப்பவர் எட்டிப் பார்த்தார். "அக்கா, ஆளுக்கு ஒரு துண்டு வெட்டுங்க."

மூத்தவர் சிரிக்கவில்லை. நான் அளவுகளைக் காட்டினேன்.

"அப்ப தப்பு இருந்திச்சுல்ல?"

"இருந்திச்சு அண்ணே. கண்டுபிடிச்சது நான். இப்ப இல்ல."

"சரி, ஒரே தடவ. ஏதாச்சும் ஆச்சுன்னா கீபோர்டுதான்."

ஆம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கப் போனார். சுவர் சாக்கெட்டின் மேல் துளையில் ஒரு சாப்ஸ்டிக் குச்சியைக் குத்தி, கீழ்த் துளைகளின் மூடியைத் திறக்க வைத்து, அங்கே இரண்டு பின் பிளக்கை அழுத்திச் செருகினார். ஒவ்வொரு வாரமும் அவர் அப்படித்தான் செய்வார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த மேல் துளை எர்த்துக்கானது.

"அண்ணே, ஆஃப் பண்ணுங்க."

பிளக்கை உருவிப் பார்த்தேன். யாரோ பழைய ஒயரை எடுத்துவிட்டு இரண்டு கம்பி ஒயரைப் போட்டிருந்தார்கள். எர்த் பின்னும் இல்லை, எர்த் கம்பியும் இல்லை.

"அதனாலதான் மைக்ல வாய் வெச்சா சுர்ருங்குது" என்றார் டிரம்ஸ்காரர்.

"அது நார்மல்லா. பத்து வருஷமா வாசிக்கிறோம், யாரு செத்தா?" என்றார் மூத்தவர்.

உள்ளே ஏதாவது பழுதானால் கரண்ட் எர்த் வழியாகப் போகும். எர்த் இல்லாத இடத்தில் கித்தார் கம்பி வழியாக என் கைக்குத்தான் வரும் என்றேன். "என் பெடல உங்க ஆம்ப்ல மாட்ட வேணாம்னீங்க. இப்ப நான் சொல்றேன், உங்க ஆம்ப்ல நான் மாட்டமாட்டேன். கித்தார்கூட."

"அப்ப கல்யாணம்?"

"ஒயர மாத்துங்க. இல்லன்னா கீபோர்டுக்கே குடுத்துருங்க."

கித்தாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். யாரும் தடுக்கவில்லை. கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் அந்தப் பதினாறு பாரையும் விரல்களால் மடிமேல் வாசித்தபடியே போனேன். அவை கையைவிட்டுப் போயிருக்கலாம். அதற்காக அந்தப் பிளக்கோடு வாசிக்க முடியாது.

புதன்கிழமை ஒரு படம் வந்தது: மூன்று பின் பிளக், புது ஒயர். கீழே, "வயர்மேன் கூப்பிட்டு மாத்தியாச்சு. சனிக்கிழமை வாங்க."

போனேன். ஆனால் படத்தை நம்பவில்லை. பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டு, அதன் எர்த் பின்னிலும் ஆம்ப்பின் இரும்புச் சட்டத்திலும் மீட்டர் முனைகளை வைத்தேன். பீப் என்றது: எர்த் இணைந்திருக்கிறது. அதன் பிறகுதான் கித்தாரை வெளியே எடுத்தேன்.

பதினாறு பாரையும் வாசித்தேன். மூத்தவர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் கொறைக்கலாமே, ம்மா?"

"கல்யாணத்துலயும் இதே சத்தம்தான் அண்ணே."

கீபோர்டுக்காரர் பேனாவை எடுத்துத் தன் தாளில் குறித்துவைத்திருந்த அந்தப் பதினாறு பாரையும் அடித்துவிட்டார்.