ஓட்ஸ் உப்புமாவும் இரண்டு பேர் சீட்டும்

மாரெட்பள்ளியிலிருந்து ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் யாரும் இடம் தேடுவதில்லை. யார் பக்கத்தில் யார் என்பது ஒருமுறை முடிவானால் முடிவானதுதான். ஜன்னலோரம் நான், பக்கத்தில் அண்ணாச்சி. அவர் திருநெல்வேலிக்காரர், எங்கள் பிரிவில் என்னைவிட மூத்தவர். மதியம் கேன்டீன் மேஜையில் உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் டப்பாக்களை மாற்றிக்கொள்வோம். அவர் வீட்டு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் எனக்கு. என் மனைவியின் கும்பகோணத்துச் சமையல் அவருக்கு. இப்படி ஒருவர் வீட்டை ஒருவர் சாப்பிட்டு இரண்டு பேரும் வஞ்சனையில்லாமல் வளர்ந்தோம்.

ஒரு திங்கட்கிழமை அண்ணாச்சி என்னைத் தாண்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கேட்டதற்கு, "கால நீட்டணும்வே, முட்டு வலிக்கி" என்றார். நான் நம்பவில்லை. குனிந்து சீட்டைப் பார்த்தேன். முக்கால்வாசியை நான் பிடித்திருந்தேன். இத்தனை நாள் அந்த மனிதர் பாதி உடம்பை நடைபாதையில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. அவரை எப்படியாவது பக்கத்தில் திரும்ப உட்கார வைத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

என் மகள் ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தாள். வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. என்னைப் போன்ற பெரிய உடம்புக்காரர்களுக்கென்றே நடக்கும் ஓர் இணையதளத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். தினமும் சாப்பிட்டதை அதில் பதிய வேண்டும், ஞாயிறுதோறும் எடை பார்க்க வேண்டும். முகம் தெரியாத ஓர் ஆலோசகி எங்கிருந்தோ மின்னஞ்சலில் உற்சாகப்படுத்துவார். அந்தத் தளத்துக்கு இட்லியைத் தெரியாது. அடையைக் கேட்டால் அதைவிட முழித்தது. கடைசியில் அடையைப் பருப்பு பேன்கேக் என்று பதிந்துவிட்டு, மகள் என் பக்கம் திரும்பி, "டாடி, ஹானஸ்ட்டா இருக்கணும். பஹானா நக்கோ" என்றாள். இந்த ஊர் உருதுவில் சாக்குப்போக்கு கூடாது என்று அர்த்தம்.

மனைவி அடுப்பையே மாற்றிவிட்டாள். டப்பாவில் ஓட்ஸ் உப்புமா, வேகவைத்த பீன்ஸ், வெள்ளரித் துண்டு. சாயங்காலம் மகள் அவளிடம் கேட்டு எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்துவிடுவாள். ஒன்றுதான் இடித்தது. மதியம் நான் டப்பா மாற்றுவதை நிறுத்தவில்லை. சீட்டுதான் போயிற்று, டப்பாவும் போனால் எங்களுக்குள் அப்புறம் என்ன மிச்சம்? தவிர, எனக்கு டப்பா மாற்றுவது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. அது பழக்கம். அண்ணாச்சி விலகிப் போனதோடு அதுவும் நின்றிருக்கும் என்று மனைவி நினைத்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணாச்சியிடமும் சொல்லவில்லை. உமக்காகத்தான் இளைக்கிறேன் என்று ஒரு ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவர் ஓட்ஸ் உப்புமாவை மூடி திறந்து ஒரு நிமிஷம் பார்ப்பார். பிறகு தலையைக் குனிந்து, பருக்கை விடாமல் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவித் தருவார். ஒரு நாளாவது முகம் சுளிப்பார், விஷயத்தை உடைத்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் சுளிக்கவேயில்லை. எனக்கு அதுவும் வருத்தமாக இருந்தது.

என் எடை அசையவில்லை. ஆலோசகி முதலில் தளர வேண்டாம் என்றார், பிறகு தைராய்டு பார்க்கச் சொன்னார், அது சரியாக இருக்கவே எடைமேடை மீது சந்தேகப்பட்டார். மகள் புது மேடை வாங்கி வந்தாள். அதில் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

மாசங்கள் போயின. ஒரு காலை பஸ்ஸில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார், சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"முட்டு வலி போயிடுச்சா அண்ணாச்சி?" என்றேன்.

"முட்டு வலியுமில்ல, ஒண்ணுமில்ல. எம்பக்கத்துல நீரு ஜன்னல் கம்பியோட நசுங்கிக் கெடந்தீரு. பாக்கப் பாவமா இருந்துச்சு. அதான் பின்னால போனேன். இப்ப எளச்சிட்டேம்லா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒம்ம வீட்டுல என்னவே கஷ்டம்? அந்த டப்பாவத் தொறக்கும்போதெல்லாம் மனசு கேக்கல. கேட்டா சங்கடப்படுவீருன்னுதான் பேசாமத் தின்னேன்."

கிழக்கே தார்நாக்கா போகிறவர்கள் மேற்கே பேகம்பேட்டில் இறங்கியதுபோல எல்லாமே தப்பான இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. இணையதளம், ஆலோசகி, பீன்ஸ் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தன் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இனிமே ஒம்ம மருந்த நீரே தின்னும். எம்பொண்டாட்டி கைச்சோறு தின்னு எம்புட்டு நாளாச்சு."

அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு கை வைக்கிற அளவு இடம் இருந்தது. அது முழுக்க அவர் குறைத்தது. மதியம் கேன்டீனில் முதல் தடவையாக என் ஓட்ஸ் உப்புமாவைத் தின்று பார்த்தேன். இதை அத்தனை நாள் எனக்காகச் சாப்பிட்ட மனிதர் எதிரே உட்கார்ந்து எள்ளுத் துவையலை வழித்துக்கொண்டிருந்தார்.